காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை உண்டென்று சொல்லுதல் எளிது. இல்லையென்று சொல்லுதலும் எளிது. அஃது எவ்வளவு உண்டு என்று அளந்து சொல்லுதலே அரிது. பேய் உண்டென்பாரிடம், "எத்தனை பேய்? எந்தத் தராசில் நிறுத்தீர்?" என்று கேட்டால், நம்மை நாத்திகர் என்று ஏசுவாரேயன்றி விடை கூறமாட்டார். இதே கேள்வியைத் திருப்பி நம்மிடம் கேட்பாரும் உளர். "காணாத தெய்வத்தை நம்பாத பகுத்தறிவுக்காரர்கள், காணாத கிருமியை மட்டும் நம்புவது என்ன நியாயம்?" என்பது அவர்கள் வினா. இதற்கு வசையால் விடை கூறுதல் தகாது. விஷயத்தால் விடை கூறுதலே முறை.

ஆகவே எச்.ஐ.வி. என்னும் கிருமியை எடுத்துக்கொள்வோம். மருந்தால் அடங்கி, இரத்தத்திற் காணப்படாமற்போன பின்பும், நோயாளியின் உடம்பில் அஃது ஒளிந்திருக்கிறது. அவ்வாறு ஒளிந்திருப்பதை மருத்துவ விஞ்ஞானிகள் எவ்வாறு கண்டார்கள், எவ்வாறு அளந்தார்கள் என்பது கடந்த முப்பது ஆண்டுகளின் வரலாறு. அதனை நம் தோட்டத்து மக்களும் நகரத்து மக்களும் அறிந்துகொள்ளுதல் வெறும் வாதத்திற்காக அன்று; அறியாமையால் நம்மவர் சிலர் உயிரிழக்கிறார்கள்; அதே அறியாமையால் சிலர் உயிரோடிருந்தும் வீட்டில் இடமிழக்கிறார்கள்.

இந்நோய் 1981-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் முதன்முதலாக மருத்துவர் கவனத்திற்கு வந்தது. 1983-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் கழகத்தைச் சேர்ந்த பிரான்சுவா பாரே-சினூசி என்னும் அம்மையாரும் லூக் மொந்தாஞ்ஞே என்பவரும் கிருமியைப் பிரித்தெடுத்தனர்; அதற்காக 2008-இல் நோபெல் பரிசு பெற்றனர். இந்தியாவில் 1986-இல் இதனை முதன்முதல் கண்டறிந்தது நம் தமிழ்நாட்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில். பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி இரத்தம் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். "ஒழுக்கத்திற் சிறந்த நம் நாட்டில் அந்நோய் வருமா?" என்று பெருமை பேசிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு பெண்மணிகளின் சோதனைக் குழாய் அப்பெருமைக்கு விடை கூறிற்று. பெருமை கிருமியைத் தடுப்பதில்லை. சோதனையே உண்மையை உரைக்கும் என்பது அன்றே தெளிவாயிற்று.

நிற்க. 1996-ஆம் ஆண்டளவில் ஒரு மருந்துக்குப் பதிலாக மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது. சாவுப் படுக்கையிற் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஒரு மில்லி லிட்டர் இரத்த நீரில் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் காணப்பட்ட கிருமி, சில மாதங்களில் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. அதற்குக் கீழே எண்ணும் ஆற்றல் அந்நாளைய கருவிகளுக்கு இல்லை. ஆகவே மருத்துவர்கள் "காணவில்லை" என்று எழுதினர். அவ்வேகத்தைக் கணக்கிட்ட ஆராய்ச்சியாளர் சிலர், ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் விடாமல் மருந்து கொடுத்தால் கிருமி அடியோடு ஒழிந்துவிடலாம் என்று 1997-இல் எழுதினார்கள். வேறெங்கும் ஒளிவிடம் இல்லாதிருந்தாலன்றி இது நடவாது என்னும் எச்சரிக்கையையும் கூடவே எழுதினார்கள். உலகம் நம்பிக்கையை மட்டும் படித்தது, எச்சரிக்கையைப் படிக்கவில்லை.

அவ்வாண்டிலேயே ஒளிவிடம் அகப்பட்டது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சிலிசியானோ என்பவரின் குழுவும், வேறு இரண்டு குழுக்களும், தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவை வெளியிட்டன. இரத்தத்திற் கிருமி காணப்படாதவர்களின் உடம்பிலிருந்து எடுத்த உறங்கும் உயிரணுக்களை எழுப்பியபோது, உயிருள்ள கிருமி வெளிவந்தது. மூன்று குழுக்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒருவர் கண்டதை மற்றவர் தம் கையால் சோதித்துக் காண முடிந்தது. பேய்க்கும் கிருமிக்கும் உள்ள முதல் வேற்றுமை இதுவே.

கிருமி எவ்வாறு ஒளிகிறது? நம் உடம்பைக் காக்கும் வெள்ளையணுக்களுள் சி.டி. 4 என்னும் வகையையே இக்கிருமி பற்றுகிறது. பற்றியபின், தன் மரபுச் செய்தியை அவ்வணுவின் மரபுச் செய்திக்குள் எழுதிவிடுகிறது. இவ்வாறு கெட்ட அணுக்களுட் பெரும்பாலன சில நாட்களில் மடிகின்றன. ஆனால், மிகச் சில அணுக்கள் மடியாமல் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடுகின்றன. பழைய நோய்களை நினைவில் வைத்துக்கொண்டு பல்லாண்டு வாழ்வதற்கென்றே அமைந்த நினைவு அணுக்கள் இவை. சின்னம்மை ஒருமுறை கண்டவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வாராமற் காப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. காவற்காரனின் நினைவுக்குள்ளேயே திருடன் படுத்துக்கொண்டான் என்க. நாம் கொடுக்கும் மருந்துகள் கிருமி பெருகும் வேலையைத் தடுப்பன, உறங்குவதோ பெருகவில்லை. ஆதலால் மருந்து அதனைத் தீண்டுவதில்லை. மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் அஃது எழுந்து பெருகிவிடுகிறது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்க லாலாங் புல்லே போதும். கத்தி கொண்டு மேலே வெட்டினால் நிலம் வெறுமையாகத் தோன்றும். மண்ணுக்குள் வெள்ளைக் கிழங்கு வேர் கிடக்கும். மழை பெய்தால் மீண்டும் முளைக்கும். "புல் காணவில்லை" என்று கணக்கப்பிள்ளை ஏட்டில் எழுதலாம். "புல் இல்லை" என்று எழுதுதல் பொய்.

அப்படியானால், மண்ணுக்குள் கிடப்பதை அளப்பது எப்படி? மூன்று வழிகளை நாம் எண்ணலாம். வேர்த் துண்டுகளைத் தோண்டியெடுத்துத் தொட்டியில் நட்டு, எத்தனை முளைக்கின்றன என்று பார்ப்பது முதல் வழி. கையில் அகப்பட்ட துண்டுகள் யாவற்றையும் எண்ணிவிடுவது இரண்டாம் வழி. ஒவ்வொரு துண்டையும் உற்று நோக்கி, முளைக்கும் கணு கெடாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தெண்ணுவது மூன்றாம் வழி. விஞ்ஞானிகளும் இம்மூன்று வழியே சென்றார்கள்.

முதல் வழியில், நோயாளியிடமிருந்து ஒரு தேநீர்க் குவளை அளவுக்கு இரத்தம் வாங்குகிறார்கள். அதில் ஓய்விலிருக்கும் அணுக்களை மட்டும் பிரித்து, படிப்படியாகத் தொகையைக் குறைத்துப் பல சிறு குழிகளில் இட்டு, ஊக்கமூட்டி எழுப்புகிறார்கள். வெளிவரும் கிருமி பெருகுவதற்கு நோயற்றவரின் அணுக்களையும் அருகே வைக்கிறார்கள். இரண்டு மூன்று வாரங் கழித்து எந்தெந்தக் குழியிற் கிருமி வளர்ந்தது என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். கண்ட விடை என்ன? ஓய்வணுக்கள் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ ஒன்று! அவ்வளவு அரியதான ஒன்று ஒரு மனிதனை ஆயுள் முழுதும் மருந்துக்குக் கட்டிப்போடுகிறது.

அது தானே தேய்ந்து ஒழியாதா எனின், அதனையும் அளந்தனர். மருந்துண்போரைப் பல்லாண்டு தொடர்ந்து சோதித்து 2003-இல் வெளியிட்ட கணக்கின்படி, இத்தொகை பாதியாகக் குறைவதற்கு 44 மாதங்கள் செல்கின்றன. வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து இலட்சத்தைப் பாதி பாதியாக இருபது முறை குறைத்தால் ஏறத்தாழ ஒன்று மிஞ்சும். இருபதை 44-ஆற் பெருக்கினால் 880 மாதம். அதாவது 73 ஆண்டுகள். மருந்து இரண்டு மூன்று ஆண்டில் வேரறுக்கும் என்ற கனவு இக்கணக்கால் கலைந்தது. கனவைக் கலைத்தவர்களை யாரும் கல்லால் அடிக்கவில்லை. அவர்களுடைய கணக்கை மற்றவர்கள் மேலும் திருத்தத் தொடங்கினார்கள். கொள்கை என்பதற்கும் மதம் என்பதற்கும் உள்ள வேற்றுமை இவ்விடத்தில் விளங்கும்.

இரண்டாம் வழி எளிது. அணுக்களின் மரபுப் பொருளில் கிருமியின் எழுத்து எங்கெங்கு உண்டோ அதனையெல்லாம் பி.சி.ஆர். என்னும் முறையால் பெருக்கி எண்ணிவிடலாம். சிறிது இரத்தமே போதும். ஆனால், 2013-இல் இரண்டு முறைகளையும் ஒரே நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, இரண்டாம் முறை காட்டிய தொகை முதல் முறை காட்டியதைப்போல் ஏறத்தாழ முந்நூறு மடங்கு இருந்தது. எது உண்மை? எழுப்பியும் எழாத கிருமி எழுத்துக்கள் 213-ஐ அவ்வாண்டிலேயே ஓர் ஆராய்ச்சிக் குழு முழுதும் படித்துப் பார்த்தது. நூற்றுக்கு 88 சிதைந்தவை, ஒருநாளும் முளையாதவை. ஆனால், நூற்றுக்கு ஏறத்தாழ 12 பழுதற்றவை. அன்று எழவில்லையாயினும் பின்னொருநாள் எழக்கூடியவை. ஆகவே முதல் வழி குறைத்துக் காட்டியது. இரண்டாம் வழி மிகைப்படுத்திக் காட்டியது. உண்மை இடையிலே இருந்தது. ஒளிந்த தொகை முன்பு எண்ணியதைவிட அறுபது மடங்கு வரை மிகுதியாக இருக்கலாம் என்று அக்குழுவினர் எழுதினர். சிலிசியானோவின் ஆய்வுக்கூடத்திலிருந்தே அக்கட்டுரை வந்தது. தாம் முன்பு அளந்தது போதாது என்று தாமே அளந்து காட்டும் நேர்மையை எந்தப் பீடாதிபதியிடம் காண முடியும்?

மூன்றாம் வழி 2019-இல் வந்தது. கிழிந்த புத்தகங்கள் குவிந்த கடையில் முழுப் புத்தகத்தைத் தேடுபவன், முன்பகுதியில் ஓர் அடையாளமும் பின்பகுதியில் ஓர் அடையாளமும் உள்ளனவா என்று பார்ப்பான் அல்லவா? அதுபோல, கிருமி எழுத்தின் இரண்டு இடங்களை ஒரே வேளையில் தேடி, இரண்டும் உள்ளவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். அரிதாக இதுவும் ஏமாறக்கூடும். எனினும் சிதைந்தவற்றுட் பெரும்பகுதியை இது கழித்துவிடுகிறது. புதிய சிகிச்சைகளைச் சோதிப்பவர்களுக்கு இவ்வளவை இன்றியமையாதது. உறங்கும் கிருமியை எழுப்பிக் கொல்லலாம் என்று கருதிச் செய்த சோதனை ஒன்றில், வோரினோஸ்டாட் என்னும் மருந்து அதனை எழுப்பியதாக 2012-இல் கண்டனர். பின்னர் அளந்தபோது, எழுந்தது உண்மை. ஒளிந்த தொகையோ குறையவில்லை. அளவுகோல் இல்லாதிருந்தால் அம்மருந்து இந்நேரம் அற்புத சஞ்சீவியாக விற்பனையாகியிருக்கும்.

எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அளவைக்கு எல்லை உண்டு என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் உலகத்துக்கு உணர்த்தின. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்து 30 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கப்பட்டது. ஒன்றரை வயதளவில் மருந்து நின்றுவிட்டது. பின்பு 27 மாதம் கிருமி காணப்படவில்லை. குழந்தை குணமடைந்தது என்று 2013-இல் உலகப் பத்திரிகைகள் மகிழ்ந்தன. 2014-இல் கிருமி திரும்பியது. அவ்வாறே பாஸ்டன் நகரத்தில் இரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றப்பெற்ற இருவருக்கு, எந்தச் சோதனையிலும் கிருமி அகப்படவில்லை. மருந்தை நிறுத்தினர், ஒருவருக்குப் 12 வாரத்திலும் மற்றவருக்கு 32 வாரத்திலும் அது திரும்பியது. இரத்தத்தில் ஓடுவது உடம்பிலுள்ள அணுக்களில் ஒரு சிறு பங்கே. நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் ஒளிந்திருப்பவை பல. ஒரு தேநீர்க் குவளையில் இல்லை என்பதால் உடம்பிலேயே இல்லை என்று ஆகாது. டிமதி ரே பிரவுன் என்பவர் முதலாக ஒருசிலர் மஜ்ஜை மாற்றத்தால் முற்றும் விடுபட்டதும் உண்மையே, ஆனால் அஃது உயிருக்கே ஆபத்தான சிகிச்சை, புற்றுநோய்க்காக வேறு வழியின்றிச் செய்தது, கோடிக்கணக்கானவர்களுக்கு வழியன்று.

நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள ஒருவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்டு நலமாயிருந்தார். சோதனைச் சீட்டில் "காணவில்லை" என்று வந்தது. அதனை ஒரு நாட்டு மருந்து வியாபாரியிடம் காட்டினார். அவ்வியாபாரி, "கிருமி ஒழிந்துவிட்டது, இனி இங்கிலீஷ் மாத்திரை உடம்பைக் கெடுக்கும், எமது லேகியத்தை உண்டால் போதும்" என்று சொல்லி இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார். மாத்திரை நின்றது. சில மாதத்தில் காய்ச்சலும் மெலிவும் வந்து, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரையை மீண்டும் தொடங்கிப் பிழைத்தார். வீடு திரும்பியவருக்கு வேறொரு வரவேற்புக் காத்திருந்தது. "கிருமி உள்ளேயே ஒளிந்திருக்கிறதாம்" என்று கேள்விப்பட்ட உறவினர், அவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்தார்கள். அண்ணன் பிள்ளைகளைத் தூக்கவும் விடவில்லை. அவர் நம்மிடம் வந்து, "ஐயா, ஒருவர் இல்லை என்றார்; மருந்தை விட்டேன். வீட்டார் இருக்கிறது என்கிறார்கள், என்னை விட்டார்கள். இருக்கிறதா, இல்லையா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

அவருக்கு நாம் சொன்னதை இங்கும் சொல்லுகிறோம். இரண்டு அளவைகள் உண்டு. இரண்டு கேள்விகளுக்கு அவை விடை. "என்னால் பிறருக்குத் தீங்கு வருமா?" என்னும் கேள்விக்கு இரத்தத்தை அளந்த அளவை விடை கூறும். "நான் மருந்தை விடலாமா?" என்னும் கேள்விக்கு ஒளிந்ததை அளந்த அளவை விடை கூறும். முதற் கேள்விக்கு விடை, வாராது என்பது. இரண்டாவதற்கு விடை, கூடாது என்பது. இவ்விரண்டையும் மாற்றிப் பொருத்துவதே எல்லாத் துன்பத்துக்கும் காரணம்.

இவற்றுக்குச் சான்று உண்டு. நோயுள்ளவரும் இல்லாதவருமாகிய 1763 தம்பதிகளை ஒன்பது நாடுகளிற் சோதித்த ஆராய்ச்சியில், உடனே மருந்துண்டவரிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது நூற்றுக்கு 96 பங்கு குறைந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். சென்னையில் சுனிதி சாலமன் 1993-இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையமும் அவ்வாராய்ச்சி நடந்த இடங்களுள் ஒன்று. ஐரோப்பாவில் 888 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்தால் கிருமி அடங்கிய துணைவரிடமிருந்து ஒருவருக்கேனும் தொற்றவில்லை. கணவன் மனைவிக்கே தொற்றாதது தட்டிலும் குவளையிலும் எப்படித் தொற்றும்? மருந்தே உண்ணாதவரிடமிருந்துங்கூட இந்நோய் தட்டாலும் குவளையாலும், பிள்ளையைத் தூக்குவதாலும் பரவுவதில்லை. மருந்தை விடுவதன் கேட்டுக்கும் சான்று உண்டு. 5472 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களுக்கு நோயும் சாவும், விடாது உண்டவர்களைவிட இரண்டரை மடங்கு அளவுக்கு நேர்ந்தன.

தனிக் குவளை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் கொதிக்க வேண்டாவா? தேநீர்க் கடையிற் பிறப்பைச் சொல்லித் தனிக் குவளை வைத்த கொடுமையை எதிர்த்து இயக்கம் நடத்தியது நம் சமூகம். இந்நாட்டிலும் சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளர்க்கென்று தனிக் குடியிருப்பு அமைந்தது. பின்னாளில் மருந்தால் குணமடைந்தும், வீட்டார் ஏற்றுக்கொள்ளாமையால் அங்கேயே முதுமையடைந்தவர்கள் உண்டு. நோய் போன பின்பும் அச்சம் போகவில்லை. கிருமியின் ஒளிவிடத்தை அளக்க மூன்று வழி கண்டார்கள் அறிஞர்கள். நம் வீட்டு அச்சத்தை அளக்கவோ ஒரு தட்டும் ஒரு குவளையும் போதும்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் இக்கிருமியோடு வாழ்ந்தார்கள். அவர்களுள் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் மருந்துண்டு வந்தார்கள். அவர்களுள் நம்மவரும் உண்டு; நம் லயத்திலும் நம் அடுக்குமாடியிலும் உண்டு. ஒளிந்ததை வேரறுக்கும் மருந்து பெரும்பான்மையோருக்கு இன்னும் வரவில்லை. அது வரும்போது, அளந்து காட்டியே வரும். அதுவரை, அளக்காமல் விற்பவரிடம் பணத்தையும் உயிரையும் கொடாதீர்கள். சோதனைச் சீட்டில் "காணவில்லை" என்று வந்தவர் அன்றிரவும் மாத்திரையை உண்ணட்டும். அவர் வீட்டார், அன்றிரவு அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணட்டும். தோட்டத்துச் சங்கங்களும் நகரத்து மன்றங்களும் இவ்விரண்டையும் தம் கூட்டங்களில் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுமென்பது நமது வேண்டுகோள்.